முசோலினி ஆட்சியைப் பறித்தாரா, பெற்றாரா?

ரோம் அணிவகுப்பால்தான் இத்தாலியின் பாசிசத் தலைவர் முசோலினி ஆட்சியைப் பறித்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். பறிக்கவில்லை, கொடுத்தார்கள். 1922 அக்டோபரில் அவரது ஆயுதப் படையான கருஞ்சட்டையினர் தலைநகரை நெருங்கியபோது, அவர்களைத் தடுத்திருக்கக்கூடிய ராணுவச் சட்ட ஆணையில் கையெழுத்திட மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் மறுத்தார். பிரதமர் பதவியையும் அவரே அளித்தார்.

1924இல் தேர்தல் முறைகேடுகளை நாடாளுமன்றத்தில் அம்பலப்படுத்திய சோஷலிஸ்ட் உறுப்பினர் மத்தேயோத்தி கடத்திக் கொல்லப்பட்டார். அந்தத் துணிவை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. நடந்த அனைத்துக்கும் தானே பொறுப்பு என்று 1925 ஜனவரி 3 அன்று முசோலினி சபையிலேயே முழங்கினார். மன்னர் அப்போதும் அசையவில்லை.

சிசிலியில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய பிறகு, 1943 ஜூலையில் அவரது கட்சியின் உச்ச அமைப்பான பாசிசப் பெருமன்றமே 19க்கு 8 வாக்குகளில் முசோலினியைக் கைவிட்டது. அதே மன்னர் பதவி நீக்கினார். ஹிட்லர் மீட்டு, வடக்கே பொம்மை அரசில் அமர்த்தினார். 1945 ஏப்ரல் 28 அன்று எதிர்ப்புப் போராளிகள் சுட்டுக் கொன்றனர். மறுநாள் மிலானின் லொரேட்டோ சதுக்கத்தில் உடல் தலைகீழாகத் தொங்கியது. முந்தைய ஆகஸ்டில் பாசிசப் படையினர் 15 கைதிகளைச் சுட்டு, உடல்களைக் காட்சிக்குக் கிடத்தியிருந்த அதே சதுக்கம்.