மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, எது வேகம்? கேளுங்க, சொல்றேன்

கோவையில 18 வருசமா கியர்பாக்ஸ் கழட்டி மாட்டுறதுதான் நம்ம பொழப்பு. இன்னிக்கு பட்டறை லீவு, சாயங்காலம் வரைக்கும் இருப்பேன். மைலேஜ், இன்சூரன்ஸ், ரீசேல் கேக்காதீங்க, அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க.

திருப்பூர் தம்பி: அண்ணா, ஒரே கார், ஒரே இன்ஜின். மேனுவல் ஃபாஸ்ட்டா ஆட்டோ ஃபாஸ்ட்டா?

தம்பி, நீங்க ஆட்டோன்னு சொல்றது நாலு வேற வேற சாமான். ஏஎம்டி, சிவிடி (தனித்தனி கியரே இல்லாம பெல்ட்ல ஓடுறது), டார்க் கன்வெர்ட்டர் (ஆயில் வழியா சக்திய கடத்துறது), டிசிடி. எதுன்னு சொல்லாம கேட்டா பதிலே கிடையாது.

ஏஎம்டின்னா அதே மேனுவல் பாக்ஸ்தான், கிளட்ச் மிதிக்கிறதுக்கும் கியர் தள்ளுறதுக்கும் ஒரு மெஷின உக்கார வச்சிருக்காங்க, அவ்ளோதான். 2014ல செலேரியோவுல வந்ததுக்கப்புறம்தான் நம்மூர்ல எல்லாரும் வாங்க ஆரம்பிச்சாங்க. பொள்ளாச்சி ரோட்ல லாரிய ஓவர்டேக் பண்ண வெளிய வந்து ஆக்சிலரேட்டர ஒரே அமுக்கா அமுக்குவீங்க, அது கியர் குறைக்க யோசிக்கும், இழுவை அறுந்து உங்க தலை முன்னால ஒரு ஆட்டம் ஆடும், எதுர்ல பஸ் வந்துட்டே இருக்கும். இதுகிட்ட மேனுவல் நல்லா ஓட்டுறவன் கண்டிப்பா ஜெயிப்பான்.

டிசிடி கதையே வேற. உள்ள ரெண்டு கிளட்ச், 1-3-5 ஒண்ணுல, 2-4-6 இன்னொண்ணுல. நீங்க ரெண்டுல போய்ட்டு இருக்கும்போதே மூணு மாட்டி ரெடியா நிக்கும், ஒரு கிளட்ச் விட விட இன்னொண்ணு புடிக்கும், நடுவுல இழுவை அறுகவே அறுகாது. ரோட்டுக் காருக்கு 2003ல ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32ல வந்துச்சு. மனுசன் கால் கிளட்ச்ச தொடுறதுக்குள்ள அது மாத்தி முடிச்சிடும்.

கணக்கு வேணும்னா 2021ல வந்த போர்ஷே 911 ஜிடி3 எடுத்துக்கங்க. ரெண்டுக்கும் ஒரே 510 குதிரை சக்தி. 0-100க்கு டிசிடி 3.4 செகண்ட், மேனுவல் 3.9. ஆனா டாப் ஸ்பீடுல மேனுவல் 320, டிசிடி 318! அந்த 2 கிலோமீட்டர வச்சு சண்டை போட வராதீங்க.

ஈரோடு மாமா: எங்க காலத்துல ஆட்டோமேட்டிக்னாலே ஆமைன்னு சொல்லுவாங்களே மாப்ள?

அப்ப அது நெசம்தானுங்க மாமா. மூணு நாலு கியர்தான் இருக்கும், டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆயில் வழுக்கியே நெறைய சக்தி வீணாப் போகும். இப்ப எட்டு கியர் இருக்கு, கொஞ்சம் வேகம் புடிச்சதும் லாக்-அப் கிளட்ச் புடிச்சுக்கும், வழுக்கறதில்ல.

நாமக்கல் ரைடர்: சிவிடி எப்படிங்ணா?

இன்ஜின் கத்தும், கார் மெதுவா வரும். சிட்டிக்கு சொகம்.

கரூர் கார்க்காரன்: கொல்லிமலை போறோம், ஏஎம்டி வண்டி. ஏத்தத்துல திணறுமா?

ஏறும். ஆனா கொண்டை ஊசி வளைவுல முன்னால வண்டி நின்னா பிரேக்ல நில்லுங்க, ஆக்சிலரேட்டர லேசா அமுக்கியே வண்டிய தொங்க விடாதீங்க. போன மாசம் ஒரு வண்டி வந்துச்சு, பாக்ஸ இறக்குனதும் கருகுன வாடை, பிரஷர் பிளேட்ல நீல நீலமா திட்டு, கிளட்ச் பிளேட்ட நகத்தால கீறுனா பொடியா உதிருது. ஒரே ஒரு மலை ட்ரிப்தானாம். இன்னொண்ணு, இறங்கும்போது நியூட்ரல் போடவே போடாதீங்க. வண்டி கியர்ல இருக்கும்போது ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா பெட்ரோல் சுத்தமா கட் ஆயிடும், நியூட்ரல்ல ஐடிலிங்குக்கு குடிச்சுட்டே இருக்கும். இன்ஜின் புடிப்பும் போயி பிரேக் சூடேறி புடிக்காமப் போயிடும்.

சேலம் செல்வா: அண்ணா மேனுவலா ஆட்டோவா எது ஃபாஸ்ட்?

முதல் பதில்.

மதுரை ரேஸ் பிரியன்: நீங்க என்ன சொன்னாலும் எஃப் ஒன் (ஃபார்முலா ஒன்) ரேஸ்ல டிரைவர் கையாலதான கியர் மாத்துறாங்க? அப்ப மேனுவல்தான் ஃபாஸ்ட்.

வாங்க, இதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன். கையால மாத்துறாங்களா? ஸ்டீரிங் பின்னாடி இருக்கிற பேடில இழுக்கிறாங்க, அது வெறும் ஸ்விட்ச். மாத்துறது மெஷின். இத முதல்ல ரேஸுக்கு கொண்டாந்தது ஃபெராரி 640, 1989 பிரேசில், அந்தக் காரோட முதல் ரேஸயே டிரைவர் மேன்செல் ஜெயிச்சாரு.

மதுரை ரேஸ் பிரியன்: 1991ல மெக்லாரன் டீம் டிரைவர் செனா, கையால தள்ளுற கம்பி கியர் போட்டு சாம்பியன் ஆனாரே? அதே பிரேசில்ல ஆறாவது கியர்ல மாட்டிக்கிட்டும் ஜெயிச்சாரே?

ஆமா, அது செனா. நானும் நீங்களும் செனா இல்ல. அந்த வருசம் வில்லியம்ஸ் டீமோட செமி ஆட்டோ பாக்ஸ் (அதே பேடில் சாமான்தான்) அடிக்கடி புட்டுக்கிச்சு, அதான் மெக்லாரனுக்கு வழி கெடச்சுது. 1992ல அத சரி பண்ணுனாங்க, வில்லியம்ஸ் வண்டில மேன்செல் எல்லாரையும் தூக்கி சாப்ட்டாரு. மெக்லாரனே அந்த வருசம் கம்பிய தூக்கிப் போட்டுட்டு பேடிலுக்கு மாறிட்டாங்க.

கோவை ஸ்பீடு: அப்ப முழு ஆட்டோமேட்டிக் ஏன் எஃப் ஒன்ல இல்ல? மெதுவாத்தானே?

மெதுவான்னு இல்லைங்க, தடை பண்ணிட்டாங்க. 2001ல இருந்து 2003 வரைக்கும் தானா மாறுற பாக்ஸ் ஓடுச்சு, 2004ல தூக்கிட்டாங்க. அதுக்கும் முன்னால 1993ல வில்லியம்ஸ் சிவிடி போட்டு டெஸ்ட் பண்ணுனாங்க, டிரைவர் கூல்ட்ஹார்ட் ஓட்டுனாரு, அடுத்த வருச ரூல்ல அதுவும் காலி. தோத்துப் போன சாமான யாராவது தடை பண்ணுவாங்களா?

மதுரை ரேஸ் பிரியன்: எப்ப மாத்தணும்னு முடிவு பண்றது டிரைவர்தானே, அப்ப அது மேனுவல்தான்.

சரி, பேரு என்ன வேணா வச்சுக்கங்க. ஆனா காலுக்கு அடியில கிளட்ச் பெடல் இருந்தா அந்த ரேஸ்ல கடைசிதான்.

தாராபுரம் கண்ணன்: ஐஎம்டி வேகமாங்ணா?

கிளட்ச் மட்டும் தானா, கியர் உங்க கை. உங்க கை எவ்ளோ வேகமோ அவ்ளோ.

பழனி முருகேசு: எது ஃபாஸ்ட்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க பாஸ்.

டிசிடி. போதுமா? இனிமே இத கேட்டா பதில் கிடையாது.

உடுமலை ராஜா: வால்பாறை போறோம்ணா, ஆட்டோமேட்டிக். இறங்கறப்ப நியூட்ரல் போட்டா மைலேஜ் ஏறுமா?

ராஜா, 40 கொண்டை ஊசி கண்ணு அது. மேல கரூர்க்காரருக்கு எழுதுனத ரெண்டு தடவை படிச்சுட்டு வண்டி எடுங்க.