சுவிஸ் பாட்டிங்க ஜெயிச்ச கேஸைக் காட்டி பணம் கேட்டா கட்டாதீங்க

பர்கூர் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. மூணு ஏக்கர் பெங்களூரா மாந்தோப்பு, வெயில்ல பூவும் பிஞ்சும் கருகி உதிர்ந்துடுச்சாம். சுவிட்சர்லாந்துல பாட்டிங்க மனித உரிமை கோர்ட்ல ஜெயிச்ச மாதிரி உங்களுக்கும் நஷ்டஈடு வாங்கித் தர்றோம்னு ஒருத்தர் ஆளுக்கு 3000 கேக்குறாராம், கட்டலாமா?

கட்டாதீங்கண்ணா. அந்த கேஸ் உண்மைதான், 2024 ஏப்ரல் 9 தீர்ப்பு வந்துச்சு. பருவநிலை மாற்றத்தைத் தடுக்க சுவிஸ் அரசு போதுமான அளவு எதுவும் செய்யலன்னு வயசான பொம்பளைங்க சங்கம் போட்ட கேஸ் அது. ஆனா அது ஐரோப்பா கோர்ட், நம்ம நாட்டு மேல அங்க கேஸே போட முடியாது. அந்த அம்மாங்களுக்கும் கேஸ் நடத்துன செலவுத்தொகைதான் கிடைச்சுது, நஷ்டஈடுன்னு ஒரு பைசா வரல. தனித்தனியா போன நாலு பேரோட மனுவை ஏத்துக்கவே இல்ல, சங்கமா போனதுதான் நின்னுச்சு.

இந்த ஏஜென்டுங்களை எனக்கு நல்லா தெரியும். கார்ல 'மனித உரிமை'ன்னு போர்டு, கழுத்துல கார்டு, ரசீதுல தராசு படம். போன மாசம் ஒரு அம்மா அப்படி ஒரு ரசீதை முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டு வந்தாங்க, பிரிச்சு பாத்தா கேஸ் நம்பர் போடுற இடம் காலியா இருக்கு, அவங்க கட்டுனது தோட்டத்துக்கு தண்ணி விட வச்சிருந்த காசு. நிஜ மாநில மனித உரிமை ஆணையத்துல புகார் கொடுக்க கட்டணமே கிடையாது.

நம்ம சுப்ரீம் கோர்ட்டும் 2024 மார்ச்ல பருவநிலை மாற்றத்தோட பாதிப்புல இருந்து தப்பிக்கிறது நம்ம உரிமைன்னு சொல்லிடுச்சு. சொல்லி என்ன, அதுக்குன்னு தனி சட்டம் இன்னும் போடல, உரிமைய எழுதி வச்சுட்டு விவசாயிய ஆபீஸ் ஆபீஸா அலைய விடுறாங்க. பக்கத்து குவாரி தூசியால தோப்பு போச்சுன்னா கதை வேற, சென்னையில இருக்குற பசுமை தீர்ப்பாயத்துல, அதாவது சுற்றுச்சூழல் கேஸ் பாக்குற கோர்ட்ல நஷ்டஈடு கேக்கலாம், 5 வருஷத்துக்குள்ள.

இன்னொன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. இலவச சட்ட உதவின்னா பரம ஏழைக்கு மட்டும்னு நினைக்கிறோம், அப்படி இல்ல. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் 12வது பிரிவுல வறட்சி, வெள்ளத்துல பாதிக்கப்பட்டவங்கன்னு தனியாவே எழுதியிருக்கு, அதனால உங்களுக்கு மூணு ஏக்கர் இருக்கேன்னு யாராச்சும் திருப்பி அனுப்பினா இந்த பிரிவைச் சொல்லுங்க. நிலம் அம்மா பேர்லயோ சம்சாரம் பேர்லயோ இருந்தா இன்னும் சுலபம், பொம்பளைங்களுக்கு வருமானமே பாக்க மாட்டாங்க.

மொதல்ல கருகின கிளையோட தேதி தெரியுற மாதிரி போட்டோ எடுங்க, விஏஓ கிட்ட அடங்கல் (நிலத்துல என்ன பயிர்னு காட்டுற பதிவு) வாங்குங்க, தோட்டக்கலை ஆபீஸ்ல மனு கொடுத்து நகல்ல சீல் போட்டு வாங்குங்க. அப்புறம் கிருஷ்ணகிரி கோர்ட்ல இருக்குற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, இலவச சட்ட உதவி அங்கதான், இல்ல அதுக்கான 15100 நம்பருக்கு போன் பண்ணுங்க. ஊர்ல ஏற்கனவே யாராச்சும் 3000 கட்டியிருந்தா அந்த ரசீதை கிழிச்சுப் போட வேணாம்னு சொல்லுங்க, போலீஸ்ல புகார் கொடுக்க அதுதான் வேணும்.