ஆமா போட ஒரு ஆள்

கேள்வி: எங்களுக்கு அம்பாசமுத்திரம். மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு முடித்திருக்கிறாள். சென்னையில் இருக்கும் என் தம்பி, ஹாரி பாட்டர் ஏழு பாகங்களையும் பெட்டியோடு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். இந்த லீவில் மூன்று பாகம் முடித்துவிட்டாள். மூன்றாவதைப் படிக்கும்போது ஒருநாள் ராத்திரி எழுந்து வந்து என்னை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். 'பேய் புஸ்தகத்தைப் பிள்ளை கையில குடுத்தா வேற என்ன நடக்கும்' என்கிறார் மாமியார். 'படிக்கதே பெரிசு, விடு' என்கிறார் என் வீட்டுக்காரர். நான்காவது பாகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். எந்த வயதில் கொடுக்கலாம்? ஆறு வயதுத் தம்பியும் கதை கேட்டு அவள் பின்னாலேயே திரிகிறான்.
— பெயர் வேண்டாம், அம்பாசமுத்திரம்

பதில்: பீரோவைப் பூட்டியதில் தப்பில்லை. ஏன் பூட்டினீர்கள் என்று மகளிடம் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. சொல்லாமல் பூட்டிய புத்தகம் எப்படியும் பிள்ளை கைக்கு வந்துவிடும். வகுப்பில் யாரிடமாவது இருக்கும், வாங்கிவந்து போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிப்பாள். அப்புறம் பயம் வந்தாலும் உங்களிடம் வரமாட்டாள். இப்போது எழுந்து நேராக உங்களிடம் வந்தாளே, எனக்கு அது நல்ல சேதியாகத்தான் படுகிறது.

எதற்காக வந்தாள் என்பதைப் பார்ப்போம். மூன்றாவது பாகத்தை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதில் கறுப்பு அங்கி போட்ட சிறைக்காவலர்கள் வருவார்கள். அவர்கள் கிட்டே வந்தாலே ஆட்களிடம் இருக்கிற சந்தோஷமெல்லாம் வற்றிப்போகும். கதாநாயகன் ஹாரிக்கு இன்னும் மோசம். தான் கைக்குழந்தையாக இருந்தபோது கொல்லப்பட்ட அம்மாவின் அலறல் அவன் காதில் கேட்கும். அதைப் படித்த ஒன்பது வயதுப் பிள்ளை ராத்திரி எழுந்து வந்து அம்மாவை ஒட்டிப் படுக்கிறாள். உங்கள் மாமியார் சொல்லும் பேய் இதில் எங்கே இருக்கிறது? அம்மா இருக்கிறாளா என்று தொட்டுப் பார்க்க வந்திருக்கிறாள், அவ்வளவுதான். என் ஊகம் இது. அவளிடமே கேட்டுப் பாருங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி நூலகத்தை முப்பது வருஷத்துக்குக் கிட்டப் பார்த்துக்கொண்டவள் நான். டிராகன், ராட்சசன், வெட்டி விழுந்த தலை இதற்கெல்லாம் பிள்ளைகள் அசைந்து நான் பார்த்ததில்லை. நாய் சாகிற கதைக்கு அழுதார்கள். கூடவே இருந்த சிநேகிதன் காட்டிக்கொடுக்கிற இடத்தில் புத்தகத்தை மூடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், ஆசை ஆசையாய் எடுத்துப்போன கடல் சாகசக் கதையை மறுநாளே திருப்பிவிட்டான். நல்லாயில்லையா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அவன் அப்பா அந்த மாதம்தான் வளைகுடாவுக்குப் போயிருந்தார் என்று அப்புறம் தெரிந்தது. கதையில் தகப்பன் போன கப்பல் திரும்பி வராது.

அதனால் அட்டையில் போட்டிருக்கிற வயதை நான் ரொம்ப நம்புவதில்லை. நடை எவ்வளவு கடினம், பக்கம் எத்தனை என்பதற்கு அது உதவும். உங்கள் வீட்டில் இந்த வருஷம் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது. தாத்தா இறந்து ஆறு மாதம் ஆகாத வீட்டில், இறந்தவர் திரும்பி வருகிற கதையைப் பதிமூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட யோசித்துத்தான் கொடுப்பேன்.

வயதை யார் எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதற்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். 1936-ல் டோல்கீன் எழுதிய 'ஹாபிட்' என்ற சிறுவர் நாவலின் கைப்பிரதி லண்டனில் ஸ்டான்லி அன்வின் என்ற பதிப்பாளரிடம் வந்தது. அவர் அதைப் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்து, படித்துவிட்டு எழுதித் தரச் சொன்னார். கூலி ஒரு ஷில்லிங். ஐந்திலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தான். (தன் வயதை லாகவமாக விட்டுவிட்டான் பாருங்கள்!) அடுத்த வருஷம் புத்தகம் வந்துவிட்டது. அதன் தொடர்ச்சியாக அதே எழுத்தாளர் எழுதிய பெரிய நாவல் 1954, 55-ல் மூன்று பாகங்களாக வந்தது. அதில் இருட்டும் யுத்தமும் அதிகம். ஒன்பது வயதுக்கு அது தாங்காது. முதல் புத்தகம் பிடித்ததே என்று அடுத்ததை அப்படியே கையில் வைத்தால் பிள்ளை பாதியில் திணறும்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அதே சங்கதிதான். ஹாரிக்கு முதல் பாகத்தில் பதினொரு வயது, ஏழாவதில் பதினேழு. கதையும் அவனோடு சேர்ந்து வயதேறி, போகப்போக இருண்டுகொண்டே வரும். முதல் பாகம் 1997-ல் வந்தது, கடைசிப் பாகம் 2007-ல். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் மட்டும் மூன்று வருஷம். அன்றைக்கு வரவர வாங்கிப் படித்த பிள்ளைகளைக் காலமே காக்கவைத்து வளர்த்துவிட்டது. உங்கள் மகள் கையில் ஏழும் ஒன்றாக இருக்கிறது, ஒரு முழுப்பரீட்சை லீவில் முடித்துவிடுவாள். வாசிக்கிற வேகம் மனசின் வேகத்தைத் தாண்டி ஓடும். மூன்றாவதோடு நிறுத்தி ஒரு மூச்சு விடுவது நல்லது என்று நான் சொல்வது அதற்காக. நான்காவது, மூன்றாவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிமன். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் கண்ணெதிரே கொல்லப்படுகிறான், அதுவும் கல்லறைத் தோட்டத்தில். மூன்றாவது பாகம் வரை கதையில் இல்லாத சாவு அது.

இனி உங்கள் மாமியாரிடம் வருவோம். அம்பாசமுத்திரத்துப் பிள்ளை கோவில் கொடைவிழா பார்க்காமல் வளர்ந்திருக்காது, கூட்டிப்போனதும் ஆச்சியாகத்தான் இருக்கும். சுடலைமாடன் கதை என்ன சாதுவான கதையா? மயானத்தில் பிணம் தின்ற பிள்ளை என்று கயிலாயத்திலிருந்தே இறக்கிவிடப்பட்டவர். உங்கள் பக்கத்துப் பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோவிலில் இருக்கிற பட்டவராயன் கதையும் அப்படித்தான்: ஆநிரை காக்கப் போன முத்துப்பட்டன், அவன்தான் பட்டவராயன், வெட்டுப்பட்டுச் சாவான், அவன் மனைவிமார் பொம்மக்காவும் திம்மக்காவும் தீயில் இறங்குவார்கள். நாமெல்லாம் ஆச்சி மடியில் படுத்துக்கொண்டு வில்லுப்பாட்டில் கேட்டதுதானே இது?

ஏன் கெட்டுப்போகவில்லை என்று யோசித்திருக்கிறேன். தனியாகக் கேட்கவில்லை, அதுதான். பயந்த இடத்தில் ஆச்சி சேலைக்குள் முகத்தைப் புதைத்தோம், தூக்கம் வந்தால் தூங்கினோம், தூங்கி எழுந்தால் கதை வேறு கட்டத்தில் இருந்தது. வில்லடிக்கிற புலவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருக்கிறவர் 'ஆமா' போடுவார், நடுவே கேள்வியும் கேட்பார், கொஞ்சம் கேலியும் பண்ணுவார். எவ்வளவு கொடூரமான கதையும் அந்த ஆமாவில் கொஞ்சம் தணியும். இன்னொன்றும் உண்டு. நடுச்சாமத்தில் சாமியாடி பந்தம் பிடித்து மயானத்துக்கு வேட்டைக்குப் போகும்போது எங்கள் ஊரில் பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுவார்கள். கதை கேட்கலாம், சுடுகாட்டுக்கு வரக்கூடாது. எது எந்த வயதுக்கு என்று அங்கே அட்டையில் யாரும் அச்சடிக்கவில்லை.

புத்தகத்தில் அந்த ஆமா இல்லை. பிள்ளை தனியாகத்தான் உள்ளே போகிறாள். அந்த ஆமாவை நீங்கள் போடுங்கள்.

மூன்றாவது பாகத்தைத் தமிழில் ஆச்சிக்குச் சொல்லச் சொல்லுங்கள். சாயங்காலம் திண்ணையில், ஒருநாளைக்குக் கொஞ்சம். இங்கிலீஷில் படித்ததைத் தமிழில் சொல்லும்போது புரியாத இடம் தானாகத் தட்டும். அதைவிட முக்கியம், எந்த இடத்தை விழுங்கிவிட்டுத் தாண்டுகிறாள் என்று பாருங்கள். அவளுக்குக் கனமாக இருப்பது அந்த இடம்தான். அம்மாவின் அலறலையும் சேர்த்து, கையை ஆட்டி, குரலை மாற்றிச் சொல்லிவிட்டாள் என்றால் நான்காவதற்குப் பெரும்பாலும் தயார். குச்சியை மந்திரக்கோலாக்கி விளையாடுகிறாளா? அதுவும் நல்ல அடையாளம். மாமியாருக்கும் இது பேய் புத்தகமா இல்லையா என்று தெரிந்துவிடும். அவருக்கே அடுத்த பாகம் கேட்கத் தோன்றினால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

ராத்திரி வாசிப்புக்கு ஒரு சின்ன விஷயம். 'இந்த அத்தியாயத்தை முடித்துவிட்டுத் தூங்கு' என்று சொல்லாதீர்கள். இந்த மாதிரிக் கதைகளில் அத்தியாயக் கடைசியில்தான் கதவு திறக்கும், கத்தி உயரும். நடுவில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற பக்கமாகப் பார்த்து அடையாளம் வைத்து மூடச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் நாலு பக்கம் தள்ளிப் படிக்கலாம், கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவையுங்கள். அதைத் திருட்டு என்று நினைக்கிற பிள்ளைகள் உண்டு.

ஒருநாள் பயந்து வந்ததற்காக நிறுத்த வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால், புறவாசலுக்குத் தனியாகப் போக மறுத்தால், 'நீ செத்துருவியாம்மா' என்று திரும்பத் திரும்பக் கேட்டால் மட்டும் எடுத்துவையுங்கள். அப்போதும் தண்டனை மாதிரி இருக்கக்கூடாது. மூன்றாவது பாகத்திலேயே ஒரு வாத்தியார், சிறைக்காவலர்களால் துவண்ட பையனுக்குச் சாக்லேட் கொடுப்பார். நமக்குக் கருப்பட்டி மிட்டாய் போதும்.

பீரோ திறப்பதற்குள் நீங்களும் நான்காவதில் கடைசி ஏழெட்டு அத்தியாயங்களைப் படித்துவிடுங்கள். முழுவதும் படிக்க நேரமிருக்காது என்று தெரியும். அவள் அங்கே போய்ச் சேருகிற அன்றைக்கு நீங்கள் வீட்டில் இருக்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டால் சரி.

சினிமாவை இப்போது காட்ட வேண்டாம். படிக்கிற பிள்ளை தன்னால் தாங்க முடிகிற அளவுக்குத்தான் மனசுக்குள் அந்தச் சிறைக்காவலர்களை வரைந்துகொள்ளும். திரையில் வேறு யாரோ வரைந்திருப்பார்கள், சத்தம் வேறு. தம்பிக்கு அக்கா சொல்கிற கதையே இப்போதைக்குத் தாராளம். திண்ணையில் அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஆமா போடுகிற வேலையை அவனிடம் கொடுத்துவிடுங்கள்.