லேப்டாப்பில் பாஸ், பில்ட் மெஷினில் ஃபெயில்

கேள்வி: பைத்தானில் எங்கள் டி.எல்.எஸ். 1.3 (இணைப்பைப் பாதுகாக்கும் நெறிமுறை) சர்வர், சான்றிதழ் இல்லாமல் வரும் கிளையன்டை மறுக்க வேண்டும். அதற்கான டெஸ்டில் ஹேண்ட்ஷேக் (இணைப்பின் தொடக்கத்தில் இரு பக்கமும் நடத்தும் அறிமுகம்) முடிந்ததும் கிளையன்ட் 'ஹலோ' எழுதும், பிறகு படிக்கும். என் லேப்டாப்பில் எப்போதும் பாஸ். பில்ட் மெஷினில் இருபது தடவைக்கு ஒரு தடவை, எஸ்.எஸ்.எல். பிழைக்குப் பதில் 'கனெக்‌ஷன் ரீசெட்' வருகிறது. டெஸ்டில் இருக்கும் ஸ்லீப்பை (சும்மா காத்திருக்கும் நேரத்தை) 0.1 நொடியிலிருந்து 1 நொடியாக்கு என்கிறார் சீனியர். செய்யலாமா?
- ஒரு வாசகி

பதில்: வேண்டாம்மா. இருபதுக்கு ஒன்று இருநூறுக்கு ஒன்றாகும், அப்புறம் அதைப் பிடிப்பது இன்னும் கஷ்டம்.

டி.எல்.எஸ். 1.2-இல் சர்வரின் கடைசிச் செய்தி வந்தால்தான் கிளையன்டுக்கு ஹேண்ட்ஷேக் முடியும். சான்றிதழைச் சரிபார்த்த பிறகே சர்வர் அதை அனுப்பும் என்பதால் மறுப்பு அங்கேயே தெரிந்துவிடும். 2018-இல் வந்த 1.3-இல் வரிசை மாறிவிட்டது. தன் 'ஃபினிஷ்ட்' செய்தியை அனுப்பிய கையோடு ஹேண்ட்ஷேக் முடிந்ததாகக் கிளையன்ட் எடுத்துக்கொள்ளும். சான்றிதழ் வந்ததா இல்லையா என்று சர்வர் பார்ப்பதே அதற்குப் பிறகுதான். ஆகவே மறுப்பு, கிளையன்ட் அடுத்துப் படிக்கும்போதுதான் கைக்கு வரும்.

அதற்குள் நீங்கள் 'ஹலோ' எழுதிவிடுகிறீர்கள். சர்வர் மறுப்பை அனுப்பிவிட்டு சாக்கெட்டை மூடுகிறது. மூடும் நேரத்தில் அந்த 'ஹலோ' படிக்கப்படாமல் பஃபரில் கிடந்தாலும் சரி, மூடிய பிறகு வந்து சேர்ந்தாலும் சரி, கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) ரீசெட் அனுப்பும், அதாவது இணைப்பைச் சட்டென்று முறிக்கும். ரீசெட் முந்திக்கொண்டால், வந்த மறுப்பைக் கிளையன்ட் படிக்க முடியாமலே போகலாம். எது முந்தும் என்பது அந்த நேரத்தில் மெஷினில் வேறு என்னென்ன ஓடுகிறது என்பதைப் பொறுத்தது.

கிளையன்ட் பக்கம் 'ஹலோ'வை எடுத்துவிடுங்கள். ஹேண்ட்ஷேக் ஆனதும் நேரே படிக்கச் சொல்லி, பிழையை அங்கே எதிர்பாருங்கள். சர்வர் பக்கம், மறுத்த பிறகு எழுதும் திசையை மட்டும் மூடி, கிளையன்ட் மூடும்வரை வருவதைப் படித்துத் தள்ளி, அப்புறம் முழுக்க மூடுங்கள். பைத்தானில் இதற்கு ஹேண்ட்ஷேக் தானாக நடக்காதபடி அமைத்து, அதை நீங்களே அழைக்க வேண்டும். தானாக நடக்கவிட்டால், பிழை வந்ததுமே அது சாக்கெட்டை மூடிவிடும்.

சர்வர் தயாராகட்டும் என்று தொடக்கத்தில் போட்டிருப்பீர்களே ஒரு ஸ்லீப், அதையும் எடுங்கள். அரை நொடி ஸ்லீப்பை நானே வருடக்கணக்கில் வைத்திருந்தேன். ஒரு நாள் ஃபெயிலான லாக்கை வரி வரியாகப் பார்த்தேன்: கிளையன்ட் கனெக்ட் 512-ஆவது மில்லிநொடியில், சர்வர் லிசன் (இணைப்புகளை ஏற்கத் தயாராவது) 1,340-இல். நெரிசலான மெஷினில் சர்வர் த்ரெட்டுக்கு முறை வரவே அவ்வளவு நேரம். அன்றே மாற்றினேன். போர்ட் எண்ணை 0 என்று கொடுத்து, காலியாக இருக்கும் போர்ட்டைக் கர்னலிடமே வாங்கி, மெயின் த்ரெட்டிலேயே லிசன் செய்துவிட்டுத்தான் சர்வர் த்ரெட்டைக் கிளப்புகிறேன். லிசன் ஆகிவிட்டால் போதும். அக்செப்ட் கூப்பிடத் தாமதமானாலும் வரும் கனெக்‌ஷனைக் கர்னல் வரிசையில் வைத்திருக்கும். காத்திருக்கத் தேவையே இல்லை.

டைம்அவுட் மட்டும் இருக்கட்டும், 30 நொடி, 60 நொடி என்று தாராளமாக. பாஸாகும் டெஸ்ட் அதுவரை போகவே போகாது.

ஸ்லீப்புக்கு ஒரு நல்ல வேலை உண்டு. பழைய கோடில், கிளையன்ட் 'ஹலோ' எழுதிய பிறகு, படிப்பதற்கு முன்னால் 1 நொடி ஸ்லீப் வைத்து ஓட்டுங்கள். எப்போதாவது வந்த ரீசெட் லேப்டாப்பிலேயே அடிக்கடி வரலாம். திருத்திய பிறகு அதே ஸ்லீப்போடு ஐந்நூறு தடவை ஓட்டிக் காட்டுங்கள், சீனியரும் ஒப்புக்கொள்வார்.

கேள்வி: சர்வர் 4,000 பைட் பதிலை ஒரே எழுத்தாக அனுப்புகிறது. நான் செலக்ட் (சாக்கெட்டில் படிக்க ஏதாவது வந்திருக்கிறதா என்று கர்னலிடம் கேட்டுக் காத்திருக்கும் அழைப்பு) கேட்டு 1,024 பைட்டாகப் படிக்கிறேன். முதல் துண்டு வந்ததும் செலக்ட் அப்படியே தொங்குகிறது. ஆயிரம் ஆயிரமாக நான்கு தடவை அனுப்பினால் பிரச்சினை இல்லை. ஏன்?
- இன்னொரு வாசகர்

பதில்: டி.எல்.எஸ். தரவைப் பூட்டி அனுப்பும் பொட்டலம்தான் ரெக்கார்ட். ஒன்றில் 16,384 பைட்வரை இருக்கலாம். உங்கள் 4,000 பைட்டும் ஒரே ரெக்கார்ட். முழுதாக வந்தால்தான் அதைப் பிரிக்க முடியும். 1,024 கேட்டீர்கள், கொடுத்தது. மீதி 2,976 ஓப்பன்எஸ்எஸ்எல் (பைத்தான் டி.எல்.எஸ்.-க்குப் பயன்படுத்தும் நூலகம்) வயிற்றுக்குள் இருக்கிறது. கர்னலிடம் எதுவும் மிச்சமில்லை, செலக்ட் அதைத்தான் சொல்கிறது. நான்காக அனுப்பும்போது அடுத்த ரெக்கார்ட் கர்னலிடமே காத்திருப்பதால் செலக்ட் உடனே எழுப்பிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் செலக்டுக்கு முன்னால், அந்த வயிற்றுக்குள் எத்தனை பைட் மிச்சம் என்று சொல்லும் 'பெண்டிங்' கேளுங்கள். அது பூஜ்யம் சொன்னால் மட்டும் செலக்டுக்குப் போங்கள்.