மறைந்து திரும்பும் காவலாளி

கேள்வி: ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்கள்) டி.என்.எஃப். என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதத்தைச் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) செய்தேன். ஐ-கப்பா-பி ஆல்ஃபா என்ற புரதம் குறையவே இல்லை. டி.என்.எஃப். கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது, நீங்கள் பார்த்த நேரம்தான் தவறு. என்.எஃப்.-கப்பா-பி என்ற படியெடுத்தல் காரணியை (மரபணுக்களை இயக்கும் புரதத்தை) உட்கருவுக்குள் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது இந்த ஐ-கப்பா-பி. டி.என்.எஃப். ஏற்பியைத் தொட்டதும் ஐ.கே.கே. நொதி அதன் 32, 36ஆம் இடங்களில் உள்ள செரீன் அமினோ அமிலங்களில் பாஸ்பேட் ஏற்றுகிறது. பிறகு 'இதை அழி' என்று அடையாளமிடும் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் ஒட்டி, செல்லின் புரதச் சிதைப்பானான புரோட்டியசோம் அதைச் சிதைத்துவிடுகிறது. விடுபட்ட காரணி உட்கருவுக்குள் போய், சுமார் 10 எழுத்து நீளமுள்ள தன் டி.என்.ஏ. தொடரில் அமர்ந்து மரபணுக்களை இயக்குகிறது. அப்படி முதலில் இயங்குபவற்றில் ஐ-கப்பா-பி ஆல்ஃபாவின் மரபணுவும் ஒன்று! தன்னைக் கட்டிப்போட்ட கயிற்றைத் தானே மறுபடி திரிக்கிறது; எனக்கு இந்த வழித்தடத்தில் மிகவும் பிடித்த இடம் இது. அதனால்தான் 15 நிமிடத்தில் காணாமல் போகும் புரதம் 60 நிமிடத்தில் திரும்பி நிற்கிறது.

0, 5, 15, 30, 60 நிமிடங்களில் மாதிரி எடுங்கள். மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் டி.என்.எஃப். போதும். ஒரு தட்டில் சைக்ளோஹெக்சிமைடும் சேருங்கள்: புதுப் புரதம் உருவாகாததால் பட்டை திரும்பக் கூடாது. இன்னொன்றில் புரோட்டியசோமைத் தடுக்கும் எம்.ஜி.132, 10 மைக்ரோமோலார், டி.என்.எஃப்.க்கு அரை மணி முன்பே: சிதைவு நின்று பாஸ்பேட் ஏறிய பட்டை சற்று மேலே தெரியும். அந்தப் பட்டை வேண்டுமென்றால் செல்களை உடைக்கும் லைசிஸ் கரைசலில், பாஸ்பேட் கழன்றுவிடாமல் காக்க சோடியம் ஃப்ளூரைடு அவசியம். வனடேட் மட்டும் போதாது, அது டைரோசினிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளைத்தான் (டைரோசின் பாஸ்பேட்டேஸ்கள்) தடுக்கும்; இங்கே பாஸ்பேட் இருப்பது செரீனில்.

15 நிமிடத்திலும் குறையவில்லை என்றால் மட்டும் டி.என்.எஃப்.ஐச் சந்தேகியுங்கள். பலமுறை உறையவைத்து உருக்கினால் அதன் வீரியம் போய்விடும்.