ரத்தம் நின்றுவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. மன்னார்குடி பக்கம் விவசாயம். மோஷனில் ரத்தமும் சளியுமாகப் போனது. முதலில் மூலம் என்று நினைத்து வைத்தியம் பார்த்தேன். பிறகு தஞ்சாவூரில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்து, பெருங்குடலில் புண், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார்கள். ஒன்றரை வருஷமாக மெசலமின் 1.2 கிராம் மாத்திரை தினம் இரண்டு சாப்பிடுகிறேன். இப்போது ரத்தம் இல்லை. மாத்திரை பெரிதாக இருப்பதால் உடைத்துத்தான் விழுங்குகிறேன். நடவு சமயத்தில் முட்டி வலி வந்தால் மெடிக்கலில் கேட்டு ஒரு மாத்திரை போட்டுக்கொள்வேன். வருஷக் கணக்கில் மெசலமின் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்கிறார் மச்சான். நிறுத்திவிடலாமா, டாக்டர்?

பதில்: மெசலமினை நிறுத்தாதீர்கள், உடைக்கவும் செய்யாதீர்கள். முட்டி வலிக்குப் போடுகிறீர்களே, அந்த மாத்திரையைத்தான் இன்றோடு விட வேண்டும்.

முதலில் உடைப்பதைப் பார்ப்போம். மெசலமின் பெருங்குடலின் உள்சுவரில் நேராகப் பட்டு, அங்கேயே புண்ணை ஆற்றும் மருந்து. ரத்தத்தில் கலந்து அதற்கு ஆக வேண்டிய காரியம் எதுவும் இல்லை. அதனால்தான் மாத்திரைக்கு மேலே ஒரு பூச்சு கொடுத்திருக்கிறார்கள். வயிற்று அமிலத்தில் அது கரையாது. அமிலம் குறைந்த சிறுகுடல் கடைசிக்கு வந்த பிறகே கரையத் தொடங்கும். உடைத்து விழுங்கினால் மருந்தில் பெரும்பங்கு சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போய், கிட்னி வழியாக வெளியேறிவிடும். புண்ணுக்குப் போக வேண்டியது குறைகிறது, கிட்னிக்குப் போவது கூடுகிறது. மச்சான் எதை நினைத்துப் பயப்படுகிறாரோ, அதற்கு நீங்களே வழி செய்து கொடுக்கிறீர்கள்.

பெரிய மாத்திரை தொண்டையில் இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறிய மாத்திரையாகவும், பாக்கெட்டில் வரும் குருணையாகவும் இதே மருந்து கிடைக்கிறது. குருணையை நாக்கில் கொட்டி, மெல்லாமல் தண்ணீரோடு விழுங்கிவிட வேண்டும். ஒரு சில வகை மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் உங்களுடையது அந்த வகையா என்று அட்டையைப் பார்த்து மருந்தாளுநர் சொல்லட்டும். பிராண்டுக்குப் பிராண்டு பூச்சும், மருந்து வெளிப்படும் விதமும் மாறும். ஆகவே, "அது ஸ்டாக் இல்லை, இதுவும் அதேதான்" என்று வேறு அட்டையைக் கொடுத்தால், டாக்டரை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்காதீர்கள். சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா என்பதும் பிராண்டைப் பொறுத்ததே. இரண்டு மாத்திரையையும் ஒரே வேளையில் போடலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். ஒருவேளையாகப் போட்டாலும் பலன் குறைவதில்லை. காலையில் வயலுக்குப் போய் மதியம் திரும்புகிறவருக்கு அது வசதி.

எப்போதாவது வெறும் கூடு மட்டும் மலத்தில் வந்தால் பயம் வேண்டாம். முழு மாத்திரையே அடிக்கடி அப்படியே வந்து விழுந்தால் சொல்ல வேண்டும்.

அடுத்தது முட்டி வலி. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் ஆகியவற்றையும் 'வீக்கம் குறைக்கிற மாத்திரை' என்றுதான் கொடுக்கிறார்கள். மெசலமினும் வீக்கம் குறைப்பதே. பெயர்ப்பொருத்தம் அதோடு சரி. குடலின் உள்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரப்பதை வலி மாத்திரைகள் தடுக்கின்றன. அதனால் அடங்கிக் கிடக்கும் கொலைட்டிஸ் சிலருக்கு மறுபடி கிளம்பிவிடும். அதே மாத்திரைகள் கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் குறைக்கும். வெயிலில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிறீர்கள், வேர்த்துக் கொட்டுகிறது, குடித்தது இரண்டு டீ. இந்த நிலையில் வலி மாத்திரையும் சேர்ந்தால் கிட்னிக்கு அது இரட்டைச் சுமை. இடுப்பில் போடும் வலி ஊசியும் இதில் சேர்ந்ததே.

வலி இருந்தால் பாராசிட்டமால் 650 ஒன்று; ஆறு மணி நேரம் விட்டு அடுத்தது; ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ உள்ளவர்கள் இதையும் கேட்டுவிட்டே போட வேண்டும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் அசிக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை சர்வ சாதாரணம். "பாராசிட்டமால்தாண்ணே" என்று நீட்டுவார்கள். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். பாராசிட்டமால் தவிர இன்னொரு பெயர் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முட்டி வலி ஓயாமல் இருந்தால் அதையும் குடல் டாக்டரிடமே சொல்லுங்கள். கொலைட்டிஸே மூட்டுகளில் வலியைக் கொண்டுவருவது உண்டு. இதயத்துக்காக டாக்டர் எழுதிய சிறு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அதைத் தாங்களாக நிறுத்த வேண்டாம்.

மச்சான் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. மெசலமினால் கிட்னியில் அழற்சி வருவது அபூர்வம், ஆனாலும் வரும். வெளியே எதுவும் தெரியாது; கால் வீங்காது, வலிக்காது. கிட்னி வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறுவதுதான் முதல் தடயம். ஆகவே மருந்து தொடங்கும் முன் ஒரு தடவை, முதல் சில மாதங்களுக்குள் ஒரு தடவை, பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது கிரியாட்டினினும் சிறுநீரும் பார்க்க வேண்டும். சுகர், பிரஷர் உள்ளவர்கள் இன்னும் அடிக்கடி. நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. இந்த வாரமே பாருங்கள். உடைத்துச் சாப்பிட்டதையும் வலி மாத்திரை போட்டதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். இந்த மருந்தே படிந்து கல்லானதும் உண்டு.

நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்ல வேண்டும். வரப்போரம் கிடைக்கும் ஆடுதின்னாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் கிட்னியைக் கெடுக்கும் நஞ்சு. பச்சிலைதானே என்று நம்ப முடியாது.

இன்னொன்றைக் கண்டு சிலர் அலறிப்போவார்கள். பிளீச்சிங் போட்டுக் கழுவிய கக்கூஸில் சிறுநீர் பட்டதும் செம்பழுப்பாக மாறும். அது ரத்தமில்லை. மருந்தும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் வரும் நிறம். சந்தேகம் இருந்தால் ஒரு டப்பாவில் பிடித்துப் பாருங்கள். அதிலும் சிவப்பாக இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

புதிதாக மெசலமின் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று. முதல் சில வாரங்களில் வயிற்று வலி, ரத்த பேதி, காய்ச்சல், தலைவலி கூடினால், நோய் முற்றிவிட்டது என்று நினைத்து மாத்திரையைக் கூட்டாதீர்கள். மருந்தே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின் அலர்ஜி இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி, நிறுத்தலாமா என்ற கேள்வி. ரத்தம் நிற்பதும் புண் ஆறுவதும் ஒன்றல்ல. வெளியே எல்லாம் சரியாக இருக்கும்போதே உள்ளே அழற்சி மிச்சம் இருக்கும். விட்டவர்களுக்கு நோய் திரும்புவது தொடர்கிறவர்களைவிட அதிகம். திரும்பி வந்தால் ஸ்டீராய்டு வரை போக நேரும். அதன் பக்கவிளைவுகளுக்கு முன் மெசலமின் சாது. நோய் தொடங்கி எட்டு வருஷம் ஆனதும் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க மறுபடி கொலோனோஸ்கோப்பி செய்ய வேண்டும் என்பதையும் குறித்து வையுங்கள்.

ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு மாத மாத்திரையைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது உங்கள் பக்கம் கரண்டும் கடையும் இல்லாமல் கிடந்தது உங்களுக்குத் தெரியாததில்லை. மழைக்காலத்தில் பேதி வந்தால் அது கொலைட்டிஸா, தண்ணீரால் வந்த தொற்றா என்று மலப் பரிசோதனைதான் சொல்லும். பேதியை நிறுத்தும் லோபரமைடை நீங்களாகப் போடாதீர்கள். அழற்சி கடுமையாக இருக்கும்போது பெருங்குடல் உப்பி ஆபத்தாகிவிடலாம்.

ஒரே நாளில் ஆறு தடவைக்கு மேல் ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சல், படபடப்பு, வயிறு உப்பல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தஞ்சாவூரோ திருவாரூரோ, எது கிட்டேயோ அந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்று இரவே போய்விடுங்கள். கொலோனோஸ்கோப்பி ரிப்போர்ட்டையும், சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள்.