சிஸ்கோ ரவுட்டரில் கமாண்ட் லைன் வழியாக போர்ட் ஃபார்வர்டிங் போட்டும் வெளியிலிருந்து டிவிஆர் திறக்கவில்லை. எல்லா வரியும் சரியாகவே இருக்கிறது. என்ன காரணமாக இருக்கும்?

'எல்லா வரியும் சரியாகவே இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஏதோ ஒரு கம்பெனியில் கேமரா வேலையை எடுத்துக்கொண்டு, முதலாளி பின்னால் நிற்க, கறுப்புத் திரையில் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் இரண்டு இரவு நின்றவன் என்பதால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் வேலை செய்கிறேன். 2019 மழைக்காலத்தில் ஒரு யூனிட்டில் இடி விழுந்து ரவுட்டர் கருகிவிட்டது. என் கையில் இருந்த சிஸ்கோ 881ஐக் கொண்டுபோய் வைத்தேன். அதே வாரத்தில் இணைப்பு கொடுத்த நிறுவனம் பழைய செப்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் இழுத்தது. நெட் வந்தது, மெயில் போனது, டாலி ஓடியது. வெளியூர் போயிருந்த முதலாளியின் போனில் மட்டும் கேமரா வரவில்லை.

ஊர் திரும்பியதும் நேராக ரவுட்டர் இருக்கும் அறைக்கு வந்தார். "ரவுட்டரை மாத்துனது நீங்கதானுங்க தம்பி. அதுக்கு முன்னாடி வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்ன வரிசை உண்மைதானே.

நான் போட்டிருந்த வரி இதுதான்: ஐபி நாட் இன்சைட் சோர்ஸ் ஸ்டாட்டிக் டிசிபி 192.168.10.20 37777 இன்டர்ஃபேஸ் டயலர்1 37777. ரவுட்டரின் வெளிப்பக்க இணைப்பான டயலர்1இன் முகவரிக்கு 37777 போர்ட்டைக் கேட்டு யார் வந்தாலும் உள்ளே இருக்கும் டிவிஆருக்கு (கேமரா படங்களைப் பதியும் பெட்டி) அனுப்பிவிடு என்று அர்த்தம். இப்படி வெளி முகவரியை உள் முகவரியாக மாற்றுவதும், திரும்ப மாற்றுவதும்தான் நாட். இதோடு எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்றும் ரவுட்டருக்குச் சொல்ல வேண்டும். 881இல் உள்பக்கம் விலான்1. ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் ஒயர் ஃபாஸ்ட்ஈதர்நெட்4இல்தான் செருகியிருக்கும், ஆனால் பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) இணைப்பில் முகவரி வாங்குவது டயலர்1. ஆகவே 'ஐபி நாட் அவுட்சைட்' போக வேண்டிய இடம் அது. உங்கள் இடத்தில் உள்ளே இருப்பவர்களுக்கு அதே ரவுட்டர் வழியாக நெட் வருகிறதென்றால் இந்த இரண்டும் சரியாகவே இருக்கும். அதை மறுபடி மறுபடி அழித்து எழுதாதீர்கள்.

நான் முதல் இரவு மாட்டிக்கொண்டது அக்சஸ் லிஸ்டில், அதாவது எந்தப் பாக்கெட்டை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற பட்டியலில். டயலர்1இல் உள்ளே வரும் திசைக்கு ஒரு லிஸ்ட் போட்டு, 192.168.10.20க்கு அனுமதி என்று எழுதியிருந்தேன். அது தப்பு. வெளியிலிருந்து வரும் பாக்கெட் முதலில் லிஸ்டைத்தான் சந்திக்கும், அதற்கப்புறம்தான் முகவரி மாறும். அதனால் லிஸ்டில் இருக்க வேண்டியது வெளி முகவரி. பில்லில் அச்சடித்திருந்த ஸ்டாட்டிக் (மாறாத) முகவரியைப் பார்த்து மாற்றி எழுதினேன். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் முயன்றேன். (இதை நீங்களும் செய்யுங்கள். கம்பெனிக்குள் உட்கார்ந்து கம்பெனியின் வெளி முகவரியைத் தட்டினால் இந்த ரவுட்டரில் திறக்காது, வீணாகக் குழம்புவீர்கள்.) 'ஷோ அக்சஸ்-லிஸ்ட்ஸ்' அடித்தேன். அந்த வரிக்கு எதிரே ஒரு எண்ணிக்கைகூட ஏறவில்லை.

அப்புறம் 'ஷோ ஐபி நாட் டிரான்ஸ்லேஷன்ஸ்'. இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாம் எழுதிய விதி அதில் ஒரு வரியாக வரும். முதலில் நம் வெளி முகவரியும் போர்ட்டும், அடுத்து டிவிஆரின் முகவரியும் போர்ட்டும், அதற்கடுத்த இரண்டு கட்டங்களில் மூன்று மூன்று கோடு. அப்படி இருந்தால் விதி இருக்கிறது, யாரும் வரவில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்துவிட்டால் அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னொரு வரி சேரும், கோடு இருந்த இடத்தில் வந்தவரின் முகவரி இருக்கும். எனக்குக் கோடுகள்தான் இருந்தன. இரவு ஒரு மணி வரைக்கும் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இரவுதான் முதல் கட்டத்தைப் படித்தேன். 100.81 என்று ஆரம்பித்தது. பில்லில் இருந்த முகவரி அது இல்லை. 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்' அடித்தால் டயலர்1க்கு எதிரே அதே 100.81. முதல் இரவே என் கண்முன் இருந்த எண்.

100.64இல் தொடங்கி 100.127 வரைக்கும் உள்ள முகவரிகள் 2012இல் இணைப்பு நிறுவனங்களின் உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 முகவரி பற்றாக்குறையால், ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை வைக்க அவர்கள் தங்கள் பக்கத்தில் இன்னொரு நாட் ஓட்டுகிறார்கள். உள்ளிருந்து வெளியே போவதற்கு இது தடையில்லை, அதனால்தான் மெயிலும் யூடியூபும் வந்தன. வெளியிலிருந்து வருவது அவர்களுடைய பெட்டியிலேயே நின்றுவிடும். நம் ரவுட்டரில் நூறு வரி எழுதினாலும் பயனில்லை.

ஃபைபருக்கு மாற்றும்போது ஸ்டாட்டிக் முகவரியை எடுத்துவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. அதற்கான பணம் மட்டும் பில்லில் வந்துகொண்டிருந்தது. போன் செய்தால் தனியாகக் கடிதம் கொடுக்கச் சொன்னார்கள். மூன்று நாள் கழித்து முகவரி திரும்பியது. டயலரை ஒரு முறை இறக்கி ஏற்றினேன். போனில் செக்கிங் டேபிளும் டியூப் லைட்டும் தெரிந்தன. நாட் வரியில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

இரண்டு இரவு வேலைக்கு ஒரு விசிட் காசுதான் கிடைத்தது, அதுவும் நாலு மாதம் கழித்து. இங்கே நூல் பில்லுக்கு இத்தனை நாள் தவணை என்று கணக்கு இருக்கிறது, சாயப்பட்டறைக்கு இருக்கிறது. சர்வீஸ்காரன் பில்லுக்கு அப்படி எதுவும் கிடையாது. 'என்னங்க, ரெண்டு வரி டைப் பண்ணுனதுக்கா?' என்று கேட்கிறார்கள். எந்த வரியைத் தொடக்கூடாது என்று கண்டுபிடிக்கத்தான் இரண்டு இரவு ஆனது. இதை உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் எழுதுகிறேன் என்று தெரியும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.

'இந்தக் காலத்தில் யார் போர்ட் திறந்து வைக்கிறார்கள், விபிஎன் (பூட்டிய தனிப்பாதை) போடலாமே' என்று சிலர் கருத்து எழுதுவார்கள். போடலாம், போடவும் வேண்டும். 2016இல் மிராய் என்ற தீம்பொருள் பரவியது கேமராக்களிலும் டிவிஆர்களிலும் யாரும் மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத்தான். ஆனால் கேட்டவர் கேட்டது போர்ட் ஏன் திறக்கவில்லை என்று. அதற்குத்தான் பதில் சொல்கிறேன். பார்க்கிறவருக்கு நிலையான முகவரி இருந்தால் அக்சஸ் லிஸ்டில் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். டிவிஆர் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.

உங்களுக்கு 'ஷோ ஐபி நாட் டிரான்ஸ்லேஷன்ஸ்' பட்டியலில் இரண்டாவது வரி சேர்ந்தும் படம் வரவில்லையென்றால் கதை வேறு. பாக்கெட் உள்ளே வந்துவிட்டது, பதில்தான் திரும்பவில்லை. டிவிஆரின் நெட்வொர்க் பக்கத்தில் கேட்வே (வெளியே போகும் வழியின் முகவரி) பாருங்கள். பழைய ரவுட்டரின் முகவரியே அங்கே இருக்கும், பெரும்பாலும் இதுதான். ரவுட்டரின் வெளிப்பக்கத்தில் 192.168 என்று வந்தால் ஃபைபர் பெட்டி பிரிட்ஜ் முறையில் (இணைப்பை அப்படியே ரவுட்டருக்குக் கடத்தும் முறை) இல்லை, அதுவே ஒரு நாட் செய்துகொண்டிருக்கிறது. சரியானதும் 'ரைட் மெமரி' அடிக்காமல் எழுந்திருக்காதீர்கள். ஒரு தடவை கரண்ட் போனால் எல்லாம் போய்விடும்.

முதலில் டயலர்1க்கு எதிரே என்ன முகவரி வருகிறது என்று கருத்தில் எழுதுங்கள். முதல் இரண்டு எண் போதும், மீதியை மறைத்துவிடுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் பார்த்துப் பதில் போடுகிறேன்.